இருளில் காணும் கண்ணின் கதை

திருப்பூர் என்றதும் பனியன் நம் நினைவுக்கு வருகிறது. 1920-களில் அங்கே வேரூன்றிய பின்னலாடைத் தொழில், 1970-களின் இறுதியிலிருந்து கடல் கடந்த சந்தைகளையும் பிடித்தது. வெள்ளைப் பனியனில் தொடங்கிய தொழில் நாளடைவில் வண்ண ஆடைகளின் தொழிலாயிற்று. கொடுத்த மாதிரித் துணியின் நிறத்திலிருந்து சாயம் சற்று விலகினாலும் சரக்கு திரும்பி வந்துவிடும். ஆகவே நிறத்தை மிக நுட்பமாகப் பார்க்கப் பழகிய ஊர் அது.

அவ்வூரில் இன்று கம்பெனி வாயிலிலும், கடை முகப்பிலும், வீட்டுத் திண்ணைக்கு மேலும் காவல் காமிராக்கள் அமர்ந்திருக்கின்றன. பகலில் எல்லா நிறங்களையும் காட்டும் இந்தக் கண், இரவு வந்ததும் நிறத்தை மறந்துவிடுகிறது. சில வேளைகளில் கறுப்புச் சட்டையை வெள்ளைச் சட்டை என்றே காட்டுகிறது! இது பழுதா? அன்று. அக்கண் பிறந்த வரலாற்றிலேயே இதற்கு விடை இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால், எந்த லென்ஸ் வாங்குவது, எந்த விளக்கு வாங்குவது என்பதும் தெளிவாகும்; இரவுப் படத்தை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதும் புரியும்.

சிவப்புக்கு அப்பால்

வில்லியம் ஹெர்ஷல் ஜெர்மனியில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறிய இசைக் கலைஞர். வானியலில் ஈடுபட்டு, 1781-இல் யுரேனஸ் கோளைக் கண்டறிந்தார். சூரியனைத் தொலைநோக்கியால் பார்க்கும்போது கண்ணைக் காத்துக்கொள்ள அவர் வண்ணக் கண்ணாடிகளைப் பயன்படுத்தி வந்தார். அப்போது ஒரு விந்தையைக் கவனித்தார். சில கண்ணாடிகள் வழியே ஒளி குறைவாக வந்தும் வெப்பம் மிகுதியாக இருந்தது. வேறு சிலவற்றில் ஒளி மிகுந்தும் வெப்பம் குறைந்திருந்தது. அப்படியானால் ஒவ்வொரு நிறத்துக்கும் வெவ்வேறு வெப்பம் உண்டோ?

1800-ஆம் ஆண்டில் அவர் முப்பட்டகக் கண்ணாடியால் சூரிய ஒளியைப் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்து அளந்தார். ஊதாவைவிடப் பச்சையிலும், பச்சையைவிடச் சிவப்பிலும் வெப்பம் ஏறியது. சிவப்பு முடிந்து, ஒளியே தெரியாத இடத்தில் வைத்த வெப்பமானியோ எல்லாவற்றையும்விட உயர்ந்து நின்றது! கண்ணுக்குத் தெரியாத கதிர்கள் அங்கே விழுகின்றன என்றும், அவையும் ஒளியைப் போலவே எதிரொளித்து விலகிச் செல்கின்றன என்றும் அவர் காட்டினார். இவற்றையே நாம் அகச்சிவப்புக் கதிர்கள் என்கிறோம்.

நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரை. அதற்கு மேல் 1 மில்லிமீட்டர் வரை நீள்வது அகச்சிவப்பு. இப்பரந்த வெளியில் இரு பகுதிகளை நாம் வேறுபடுத்தி அறிய வேண்டும். நம் உடல் தன் வெப்பத்தால் தானே உமிழும் கதிரின் அலைநீளம் 10,000 நானோமீட்டரை ஒட்டியது. அதைக் காண ஜெர்மானியம் போன்ற பொருளால் ஆன லென்ஸ் கொண்ட, விலை மிகுந்த வெப்பக் காமிரா வேண்டும். வீட்டுக் காமிரா பயன்படுத்துவதோ சிவப்பை அடுத்துள்ள அண்மை அகச்சிவப்பு. அது மனிதனின் உடல் வெப்பத்தைப் பார்ப்பதில்லை. தன் விளக்கிலிருந்து சென்று, பொருள்மேல் பட்டுத் திரும்பும் கதிரையே பார்க்கிறது. விளக்கு இல்லையேல் அக்காமிராவுக்கும் குருட்டு இருள்தான்.

சாயம் கொடுத்த பார்வை

ஹெர்ஷல் கண்ட கதிரைக் கொண்டு படம் பிடிக்க நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. தொடக்க காலப் புகைப்படத் தட்டுகளில் இருந்த வெள்ளி உப்புகள் நீலத்தையும் ஊதாவையும் மட்டுமே உணர்ந்தன. சிவப்புப் பூ அவற்றில் கறுப்பாகவே விழுந்தது. 1873-இல் ஜெர்மானிய வேதியியலார் ஹெர்மன் வோகல் இதற்கு வழி கண்டார். தட்டில் பூசும் கலவையில் தக்க சாயத்தைச் சேர்த்தால், அச்சாயம் எந்த ஒளியை விழுங்குகிறதோ அந்த ஒளியையும் தட்டு உணரத் தொடங்குகிறது என்று அவர் கண்டறிந்தார். துணிக்கு நிறம் கொடுத்த சாயம் தட்டுக்குப் பார்வை கொடுத்தது எனலாம். பின்னர் அகச்சிவப்பை உணரச் செய்யும் சாயங்களும் கிடைத்தன.

அமெரிக்க இயற்பியலார் ராபர்ட் உட் 1910-இல் அகச்சிவப்பில் எடுத்த நிலக்காட்சிப் படங்களை வெளியிட்டார். பார்த்தவர்கள் வியந்தனர். மரங்களின் பச்சை இலைகள் பனி படர்ந்தாற்போல் வெளுத்திருந்தன. நீல வானம் கறுத்திருந்தது. நம் கண் காணும் நிறத்துக்கும் அகச்சிவப்பில் காணும் வெளிச்சத்துக்கும் நேரான தொடர்பு இல்லை என்ற பாடத்தை அப்படங்கள் அன்றே கற்பித்துவிட்டன.

போர்க்களத்திலிருந்து வீட்டு வாசலுக்கு

1930-களில் அகச்சிவப்புப் பிம்பத்தைக் கண்ணுக்குத் தெரியும் பிம்பமாக மாற்றும் வெற்றிடக் குழாய்கள் தோன்றின. இரண்டாம் உலகப் போரில் இவை துப்பாக்கியின்மேல் ஏறின. 1945-இல் ஓகினாவா தீவில் அமெரிக்கப் படைவீரர்கள், அகச்சிவப்பு விளக்கும் நோக்குக் குழாயும் பொருத்திய துப்பாக்கிகளைக் கொண்டு இரவில் போரிட்டனர். விளக்கு எரிவது எதிரிக்குத் தெரியாது; எதிரியோ நன்றாகத் தெரிவான். இன்றைய வீட்டுக் காமிராவின் இரவுப் பார்வைக்கும் இதே தத்துவந்தான்.

தொலைக்காட்சியைக் கண்காணிப்புக்குப் பயன்படுத்துவதும் அப்போர்க்காலத்தில் நடந்தது. 1942-இல் ஜெர்மனியின் பீனமுண்டேயில், வி-2 ஏவுகணைகள் கிளம்புவதைப் பாதுகாப்பான தொலைவிலிருந்து பார்க்க வால்டர் புரூக் என்ற பொறியியலார் காமிரா அமைத்தார்.

அதை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தவர் ஒரு செவிலி. நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் வாழ்ந்த மேரி வான் பிரிட்டன் பிரௌன் நேரங்கெட்ட நேரங்களில் பணிக்குச் சென்று வருபவர். அவர் கணவரும் இரவில் வீட்டில் இருப்பதில்லை. அழைத்தாலும் காவலர் விரைவில் வந்து சேராத பகுதி அது. கதவில் மேலும் கீழுமாக நான்கு துளைகள், அவற்றின் வழியே பார்க்க நகரும் காமிரா, படுக்கையறையில் படத்திரை, வந்தவரோடு பேச ஒலிவாங்கி, உள்ளிருந்தே கதவைத் திறக்கவும் ஆபத்தில் அறிவிக்கவும் பொத்தான்கள். இத்தகைய ஏற்பாட்டுக்குக் கணவர் ஆல்பர்ட்டுடன் 1966-இல் விண்ணப்பித்து, 1969 டிசம்பரில் காப்புரிமை பெற்றார். வீட்டில் தனித்திருந்த ஒரு பெண்ணின் அச்சம், உலகெங்கும் பரவிய ஒரு கருவிக்கு வித்திட்டது.

சிலிக்கானும் சிறு விளக்கும்

அதே 1969-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் வில்லார்டு பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும், ஒளியை மின்னேற்றமாக்கித் திரட்டும் சிலிக்கான் சில்லை உருவாக்கினர். 2009-இல் இதற்காக நோபெல் பரிசில் பங்கு பெற்றனர். 1990-களில் அமெரிக்காவின் ஜெட் உந்துவிசை ஆய்வுக்கூடத்தில் எரிக் ஃபோசமும் அவர் குழுவினரும் வளர்த்த, மின்செலவு குறைந்த சில்லு பின்னர் பெரும்பாலான காமிராக்களுக்குள் புகுந்தது.

சிலிக்கானுக்கு ஓர் இயல்பு உண்டு. ஏறத்தாழ 1,100 நானோமீட்டர் வரையுள்ள ஒளியை அது உணரும். நம் கண் 700-இல் நின்றுவிட, சில்லு அதற்கு அப்பாலும் காண்கிறது.

விளக்கும் முன்னரே பிறந்திருந்தது. 1961-இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனத்தில் ஜேம்ஸ் பியார்டும் கேரி பிட்மனும், காலியம் ஆர்சனைடு டயோடு மின்சாரம் பாயும்போது அகச்சிவப்பை உமிழ்வதைக் கண்டனர். 1962-இல் விற்பனைக்கு வந்த அத்தகைய டயோடு ஒன்றின் விலை 130 டாலர்! இன்று நம் தொலைக்காட்சியின் ரிமோட்டிலும் அதன் வாரிசு இருக்கிறது. மாணவர்கள் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ரிமோட்டின் முனையைக் கைப்பேசியின் முன்பக்கக் காமிராவுக்கு நேரே பிடித்துப் பொத்தானை அழுத்துங்கள். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. பெரும்பாலான கைப்பேசித் திரைகளில் ஒளிப்பொட்டு ஒன்று மின்னும்.

தமிழ்நாட்டில்

தமிழக அரசு 2012-இல், நகர்ப்புறங்களில் பொதுமக்கள் வந்து போகும் கட்டிடங்களில் காமிரா பொருத்துவதைக் கட்டாயமாக்கி விதிகள் வகுத்தது. சென்னை மாநகரக் காவல்துறை 2017-க்குப் பின் 'மூன்றாவது கண்' என்ற பெயரில் தெருத்தோறும் காமிரா வைக்கும் இயக்கத்தை நடத்தியது. 2020 டிசம்பர் 2-ஆம் நாள் உச்ச நீதிமன்றம், காவல் நிலையங்களில் வைக்கப்படும் காமிராக்களுக்கு இரவுப் பார்வை கட்டாயம் இருக்க வேண்டும் என்று ஆணையிட்டது. காவலரைக் காக்கும் கண்ணாக மட்டுமன்றி, காவலரைக் கண்காணிக்கும் கண்ணாகவும் அது ஆயிற்று.

கொங்கு நாட்டில் இத்தேவை வேறு வடிவில் வந்தது. இங்கே உழவர் பலர் ஊருக்குள் வாழாமல் தோட்டத்து நடுவே சாளை கட்டி வாழ்பவர். பிள்ளைகள் வெளியூரில் இருக்க, முதியவர்கள் தனித்திருக்கும் வீடுகள் பல. 2024 நவம்பர் இறுதியில் திருப்பூர் மாவட்டம் சேமலைக்கவுண்டன்பாளையத்தில் ஒரு தோட்டத்து வீட்டில் மூவர் கொல்லப்பட்டனர். 2025-இல் ஈரோடு மாவட்டம் சிவகிரி அருகே மற்றொரு தோட்டத்து வீட்டில் முதிய தம்பதியர் கொல்லப்பட்டனர். தனி வீடுகளில் காமிரா வையுங்கள் என்ற அறிவுரை அதன்பின் வலுத்தது. ஆனால் தெருவிளக்கு எட்டாத சாளையில், கடைக்காரர் கொடுத்த ஏதோ ஒரு காமிராவை மாட்டிவிட்டால் போதுமா?

எந்த லென்ஸ்?

முதலில் கேட்க வேண்டிய கேள்வி, 'எவ்வளவு தூரம் தெரியும்?' என்பதன்று, 'எதை, எங்கே பார்க்க வேண்டும்?' என்பதே. லென்சின்மேல் 2.8, 4, 6, 12 என்று எழுதியிருப்பது குவியத் தூரம், மில்லிமீட்டரில். எண் சிறிதானால் பார்வை அகலும், உருவம் சிறுக்கும். எண் பெரிதானால் பார்வை குறுகும், உருவம் பெருக்கும்.

கணக்கு எளிது. சில்லின் அகலத்தைத் தொலைவால் பெருக்கிக் குவியத் தூரத்தால் வகுத்தால், அத்தொலைவில் காமிரா காணும் அகலம் தோராயமாகக் கிடைக்கும். பரவலாக உள்ள ஒரு வகைச் சில்லின் அகலம் சுமார் 5.4 மி.மீ.; அதில் குறுக்குவாட்டில் 1,920 படப்புள்ளிகள் என்று கொள்வோம்.

2.8 மி.மீ. லென்ஸ் 5 மீட்டர் தொலைவிலுள்ள வாசலில் சுமார் 9.6 மீட்டர் அகலத்தைக் காணும். மீட்டருக்கு 200 புள்ளிகள். மனித முகத்தின் அகலம் 15 செ.மீ. என்றால், முகத்துக்கு 30 புள்ளிகள். தெரிந்தவரை அடையாளம் காண இது போதும். அதே லென்ஸ் 20 மீட்டர் தொலைவிலுள்ள இட்டேரி முனையில் 38 மீட்டருக்கு மேல் காணும். முகத்துக்குக் கிடைப்பது ஏழெட்டுப் புள்ளிகளே. யாரோ வருகிறார் என்று தெரியும், யாரென்று தெரியாது. அவ்விடத்துக்கு 12 மி.மீ. லென்ஸ் போட்டால், 9 மீட்டர் அகலம் மட்டும் விழுந்து, முகத்துக்கு 32 புள்ளிகள் கிடைக்கும். முன்பின் தெரியாத ஒருவரை ஐயமின்றி அடையாளம் காட்ட, மீட்டருக்கு 250 புள்ளிகள் வேண்டும் என்பது பன்னாட்டுத் தரவிதி.

ஆகவே வாசலுக்கும் கட்டுத்தரைக்கும் அகன்ற பார்வை. இட்டேரி முனைக்கும் கேட்டுக்கும் குறுகிய பார்வை. ஒரே காமிரா இரண்டையும் செய்யாது.

லென்சில் இன்னும் இரண்டு செய்திகள் உண்டு. துளையின் அளவைக் குறிக்கும் எஃப் எண் சிறிதாக இருந்தால் ஒளி மிகுதியாக நுழையும். எஃப் 2-ஐவிட எஃப் 1.6 ஒன்றரை மடங்கு ஒளி தரும். அடுத்து, சாதாரண லென்ஸ் அகச்சிவப்பைச் சற்றுத் தள்ளிக் குவிக்கும். பகலில் கூர்மையான படம் இரவில் மங்கும். பழைய புகைப்படக் காமிரா லென்சுகளில் அகச்சிவப்புக்கென்று தனிச் சிவப்புக் கோடு போட்டிருந்தது இதற்காகவே. இன்று இக்குறையைத் திருத்திய லென்சுகள் கிடைக்கின்றன. கேட்டு வாங்க வேண்டும்.

எந்த விளக்கு?

கடைகளில் 850 நானோமீட்டர், 940 நானோமீட்டர் என இருவகை விளக்குகள் கிடைக்கின்றன. முன்னதை எரியவிட்டால் இருளில் மங்கிய செந்நிறப் பொட்டு தெரியும். பின்னது கண்ணுக்கு அறவே தெரியாது. ஆனால் சில்லின் உணர்வு அங்கே ஏறத்தாழப் பாதியாகவோ அதற்கும் குறைவாகவோ இருப்பதால், எட்டும் தூரம் குறையும். திறந்த தோட்டத்துக்கு 850 ஏற்றது. காமிரா இருப்பதே தெரியக்கூடாத சிறு இடத்துக்கு 940 போதும்.

தூரம் இரட்டித்தால் ஒளி பாதியாவதில்லை, கால் பங்காகிவிடுகிறது. 10 மீட்டரில் நன்றாகக் காட்டும் விளக்கு 20 மீட்டரில் நான்கில் ஒரு பங்கே தரும். ஒளி குறைந்தால் காமிரா தன் கதவை நெடுநேரம் திறந்து வைக்கும். நொடியில் 25-இல் ஒரு பங்கு திறந்திருந்தால், ஓடுகிறவன் அதற்குள் 20 செ.மீ. நகர்ந்துவிடுவான். அது முகத்தின் அகலத்தைவிட அதிகம்! படம் இழுபட்டுப்போகும்.

குறுகிய லென்சுக்குக் குறுகிய கற்றை, அகன்ற லென்சுக்கு அகன்ற கற்றை எனப் பொருத்தம் பார்க்க வேண்டும். காமிராவுக்கு மிக அருகே வெள்ளைச் சுவர் இருந்தால் அதுவே ஒளியைத் திருப்பிப் படத்தை வெளுக்கச் செய்யும். விளக்கைத் தேடிப் பூச்சி வரும்; பூச்சியைத் தேடிச் சிலந்தி வலை கட்டும். விளக்கைக் காமிராவிலிருந்து ஓரிரு மீட்டர் தள்ளி வைத்தால் இத்தொல்லை பெரிதும் குறையும்.

கறுப்புப் பனியன் வெளுக்கும் விந்தை

இனி, தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். பகலில் காமிராவின் சில்லுக்கு முன் ஒரு வடிகண்ணாடி நின்று அகச்சிவப்பைத் தடுக்கிறது. அதனால் நிறங்கள் சரியாக விழுகின்றன. இருட்டியதும் 'டிக்' என்ற ஒலியுடன் அது விலக, அகச்சிவப்பு உள்ளே நுழைகிறது. அப்போது காமிரா நிறத்தை விட்டுவிட்டு வெளிச்ச வேறுபாட்டை மட்டும் காட்டுகிறது.

பருத்தித் துணி கறுப்பாகத் தெரிவது, அதிலுள்ள சாயம் கண்ணுக்குத் தெரியும் ஒளியையெல்லாம் விழுங்குவதால்தான். அகச்சிவப்பு ஒளித்துகளின் ஆற்றல் அதைவிடக் குறைவு. சிலிக்கானில் மின்னேற்றம் எழுப்ப அது போதும். பல சாயங்களின் மூலக்கூறைக் கிளறப் போதாது. ஆகவே கதிர் சாயத்தைத் தாண்டிப் பருத்தி இழையில் பட்டு, அப்படியே திரும்பி வருகிறது. காமிரா காண்பது சாயமேற்றும் முன் இருந்த வெள்ளைத் துணியை எனலாம். கறுப்பு, கருநீலம், அடர்சிவப்பு எல்லாமே வெளிறிப் போகும். கார்பன் கறுப்பால் அச்சிட்ட எழுத்து மட்டும் கறுப்பாகவே நிற்கும். படைவீரர் சீருடைக்குச் சாயம் தேர்வோர் இதை நன்கறிவர். இலை அகச்சிவப்பில் வெளுப்பதால், சீருடையும் அதே அளவு வெளுக்கும்படி சாயம் தேர்கின்றனர்.

சாயப்பட்டறைக்காரர் ஒருவர் இதைத் தம் வாசலிலேயே சோதிக்கலாம். பல கறுப்புத் துணித் துண்டுகளை இரவில் காமிராவுக்கு முன் வரிசையாகத் தொங்கவிட்டால், பகலில் ஒன்றுபோல் இருந்தவை வெவ்வேறு சாம்பல் நிறத்தில் தெரியக் காண்பார்.

இது வெறும் விந்தையன்று. பின்னலாடைப் பகுதியில் இரவுப் பணி முடித்து ஆயிரக்கணக்கானோர் தெருவில் நடக்கின்றனர். வெளி மாநிலங்களிலிருந்து வந்தவரும் அவர்களில் பலர். 'படத்தில் இருந்தவன் வெள்ளைச் சட்டை போட்டிருந்தான்' என்று சொல்லி, வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவரைப் பிடித்தால் என்னாகும்? உண்மையில் திருடன் கறுப்புப் பனியன் அணிந்திருக்கக்கூடும். குற்றவாளி தப்பிப்பான், குற்றமற்றவர் அடிபடுவார். இரவுப் படத்தில் நேரத்தை நம்பலாம், உருவத்தின் உயரத்தையும் நடையையும் ஒப்பிடலாம், வந்த வழியைக் காணலாம். உடையின் நிறத்தை மட்டும் சாட்சியாகக் கொள்ளக் கூடாது. நிறம் வேண்டும் என்றால் வாசலில் சாதாரண வெள்ளை விளக்கு ஒன்று எரிய வேண்டும். ஆள் நடமாடினால் தானே எரியும் விளக்குகளும் உண்டு.

காமிராவை எங்கே திருப்புகிறோம் என்பதும் சிந்திக்கத்தக்கது. தனிமனித மறைவு அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்திருக்கிறது. நம் கேட்டைப் பார்க்கும் கண், அடுத்த வீட்டுச் சன்னலைப் பார்க்க வேண்டியதில்லை.

கண்ணுக்குத் தெரியாததையும் ஹெர்ஷல் அளந்து பார்த்தார். அதனால் ஓர் உண்மை வெளிப்பட்டது. கண்ணுக்குத் தெரிவதையும் அளந்து பார்த்தே நம்ப வேண்டும் என்பது அவர் வழியில் வந்த கருவி நமக்குச் சொல்லும் பாடம்.